நூல் ஓடாத துளைகள்: வாசகர் கேள்வி பதில்

கடல் கொண்டுபோன ஒன்றை நினைவில் வைத்துக் கையால் ஒரு நூல், அதாவது ஒரு புத்தகம், கட்டிப் பாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அவற்றுள் காரைக்குடிக் கடிதம் ஒன்று நான்கு நாள் என்னை வேறு வேலை செய்ய விடவில்லை. ஆகவே அதற்கே பெரும்பகுதி இடம் ஒதுக்கி, மற்றவற்றுக்கு அதன் தொடர்ச்சியாகவே விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவின் தம்பி கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். 1964 டிசம்பரில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது, 22ஆம் தேதி பாம்பனிலிருந்து ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். "ஆச்சி, சௌக்கியமாகப் பாம்பன் வந்து சேர்ந்தேன். மழை பலமாக இருக்கிறது" என்பதுதான் அதில் உள்ள செய்தி. அட்டை ஜனவரியில் வந்தது, அவர் வரவில்லை. அன்றிரவு தனுஷ்கோடிக்குப் போய்ப் புயலில் கடல் கொண்டுபோன ரயிலில் அவர் ஏறினாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. "பாம்பன் பாலத்தை 46 நாளில் கட்டிவிட்டார்கள், என் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுத ஆளில்லை" என்று அப்பத்தா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நினைவாக ஒரே ஒரு படி, கையால் ஒரு நூல் செய்ய விரும்புகிறேன். எனக்கு ஓவியம் ஓரளவு வரும். பேரலை, ரயில், இடிந்த தேவாலயம் என்று பத்துப் படங்கள் வரைந்திருக்கிறேன். சேர்த்துக் கட்டிப் பார்த்தால் படத்தொகுப்பாக இருக்கிறது, நூலாக வரவில்லை. எங்கே தவறு?
(ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: படங்களைப் பார்க்காமலேயே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவை நன்றாகவே அமைந்திருக்கலாம். ஆனால் அவை அந்த இரவைப் பற்றியவை. உங்கள் அப்பத்தா புயலைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஓர் அஞ்சலட்டையையும், அதற்குப் பின் கடிதமே வராத ஆண்டுகளையும்தான். நீங்கள் செய்ய விரும்பும் நூல் அவர் நினைவாக என்றால், அது அந்த இடைவெளியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

கலைஞர் நூல் என்று இத்துறையில் சொல்லப்படுவது படங்கள் நிறைந்த புத்தகத்தை அன்று. தாள், மடிப்பு, துளை, தையல், அட்டை, பக்கத்தைப் புரட்டும் கையின் அசைவு ஆகிய அனைத்துமே பொருள் சொல்லும்படி கட்டப்படும் நூலைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு படத்தைப் பிரித்தெடுத்துச் சுவரில் மாட்டினாலும் அதே பொருள் கிடைக்கும் என்றால், அதை நூலுக்குள் வைக்க வேண்டிய தேவை இல்லை.

முதலில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். அந்நாளில் கொழும்பு செல்பவர்கள் ரயிலில் தனுஷ்கோடித் துறை வரை சென்று, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயில் பிடிப்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், ஊரை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியாமையால் நின்றது என்றும், ஓட்டுநர் நீளமாக ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்றும் சொல்வார்கள். பிறகு வந்த பேரலை வண்டியைக் கொண்டுபோயிற்று. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தார்கள் என்பது பதிவான கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ரயில் பாம்பன் பாலத்தின் மேல் சென்றபோது கடலில் விழுந்தது என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. வண்டி இராமேஸ்வரம் தீவுக்குள் புறப்பட்டுத் தீவுக்குள்ளேயே அழிந்தது. பாலம் அதே புயலில் தனியாக உடைந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் 145 கண்களில், 126 கண்களின் இரும்பு உத்தரங்களைக் கடல் சாய்த்துவிட்டது. கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் நடுவே நின்றது.

இதை எழுதிப் பார்த்த பிறகுதான் உங்கள் நூலின் வடிவம் எனக்குப் பிடிபட்டது. உங்கள் பாட்டனார் பாலத்தைப் பத்திரமாகத் தாண்டிவிட்டார். தாண்டி, 'சேர்ந்தேன்' என்று எழுதியும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு, அவருக்கும் அவருடைய ஆச்சியான அக்காவுக்கும் நடுவில் இருந்த பாலம் போயிற்று. நூலும் அவ்வளவே சொன்னால் போதும்.

விசிறி மடிப்பில், அதாவது முன்னும் பின்னுமாக மடித்து ஒரே நீளத் தாளாக விரியும்படி, 29 மடிப்புகள் கொண்ட நூலாகச் செய்யுங்கள். ஒரு மடிப்பின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 18 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே மட்டத்தில் ஐந்து துளைகள்: ஓரத்திலிருந்து 1, 3, 5, 7, 9 சென்டிமீட்டரில். இப்படிச் செய்தால் எந்தத் துளையும் மடிப்புக் கோட்டின் மேல் விழாது, தாளும் கிழியாது. 29 மடிப்புக்கு 145 துளைகள். இடக்கோடியில் ஒன்பது துளைகளில் மட்டும் நூலை ஓடவிட்டு நிறுத்துங்கள். வலக்கோடியில் ஒன்பது. பதினைந்தாம் மடிப்பின் நடுத்துளை, அதாவது 73ஆவது துளை, நூலுக்குச் சரிநடுவாக அமையும். அதில் ஒற்றை முடிச்சு, தூக்குப் பகுதிக்காக. மற்ற 126 துளைகளில் ஒன்றும் வேண்டாம். தப்பிய கண்கள் எங்கெங்கே நின்றன என்று காட்டும் வரைபடமாக இது இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை உண்மையாக இருந்தால் போதும்.

எழுத்தும் இரண்டே இடத்தில்தான் வர வேண்டும். இடக்கோடி மடிப்பில் அப்பத்தா சொன்ன அந்த வாக்கியம், வலக்கோடி மடிப்பில் அஞ்சலட்டை வரிகள். பாட்டனாரின் கையெழுத்தையே பிரதியெடுத்து, அதன் மேல் மெல்லிய தாள் வைத்து எழுத்தெழுத்தாக இழுத்தெடுங்கள். நடுவில் உள்ள 27 மடிப்புகளில் படமும் வேண்டாம், நீல வண்ணமும் வேண்டாம். பத்துப் படங்களையும் விட்டுவிடச் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று அறிவேன். அவற்றை வரைந்ததால்தான் நீங்கள் இந்த இடம் வரை வந்திருக்கிறீர்கள். தனியே ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலம் மீண்டதையும் மறைக்கக் கூடாது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் நடந்த அந்தப் பணியில், கடலடியில் கிடந்த உத்தரங்களை மீனவர்களின் உதவியோடு தேடி எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் இணைந்தது. பெரிய சாதனை அது. நடு மடிப்பின் பின்புறத்தில் '46' என்ற எண்ணை மட்டும் சிறிதாக எழுதுங்கள். துளைகளில் நூலைத் தொடர வேண்டாம். பாலத்தை இணைத்தார்கள், தனுஷ்கோடி ஊராகத் திரும்பவில்லை, உங்கள் பாட்டனாரும் திரும்பவில்லை.

செய்முறைக்கு வருகிறேன். பருத்திக் கந்தலில் செய்த கைத்தாள் வாங்குங்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத் தாள் கிடைக்கும், ஆரோவில்லிலும் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 150 கிராம் முதல் 200 கிராம் எடையுள்ள தாள் இதற்கு ஏற்றது. 56க்கு 76 சென்டிமீட்டர் தாள் இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் 18 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகள் வரும். நான்கு பட்டைகளில் ஆறு ஆறு மடிப்பு, ஐந்தாவதில் ஐந்து மடிப்பு. ஆறாவது பட்டையை முதலில் பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டையோடு அடுத்ததை ஒட்டுவதற்கு விடும் நாக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். போனால் முதல் துளையை மூடிவிடும். மடிப்பதற்கு முன், அடிமட்டத்தை வைத்து மழுங்கிய கத்தியின் முதுகால் கோடு கீறிக்கொண்டு, பிறகு மடித்துக் கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். கைத்தாள் முரட்டுத்தனமானது, கோடு கீறாமல் மடித்தால் இழை வெடிக்கும்.

துளையிடுவதற்கு ஓர் அட்டையில் ஐந்து துளைகளை அளந்து அச்சாக வைத்துக்கொண்டால் 29 மடிப்பிலும் மட்டம் மாறாது. ஊசி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். தேன்மெழுகு தடவிய பருத்தி நூலால் தைக்கும்போது, நூல் மடிப்பைக் கடக்கும் இடத்தில் சற்றுத் தளர்த்தி விடுங்கள். இறுக்கினால் புத்தகம் விரியாது. ஒன்பதாவது துளையில் தையலை முடிந்துவிடாமல், நூல் முனையை ஒரு சாண் நீளம் தொங்கவிடுங்கள்.

இதை உங்களுக்கு எழுதுமுன் ஐந்து மடிப்பில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். முன்புறமிருந்து குத்தும்போது, தாளின் பின்புறத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பஞ்சிழை மணல் துகள் அளவுக்கு எழும்பி நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தடவினால், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். அதைக் காலை வெயிலில் தரையில் நிறுத்தியபோது, நூல் ஓடிய துளைகள் நிழலோடு நிழலாய்ப் போய்விட, நூல் ஓடாத துளைகள் மட்டும் தரையில் ஒளிப்புள்ளிகளாக வரிசையாய் விழுந்தன. உங்கள் நூலை முழுவதும் விரித்தால் 2.9 மீட்டர் வரும். வீட்டு உள்முற்றமான வளவில் வெயில் இறங்கும் நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். 126 புள்ளிகள் விழும்.

கேள்வி: வீட்டில் ஐயா காலத்துப் பேரேடுகளும் ஐந்தொகை ஏடுகளும் பரணில் கிடக்கின்றன. சில ஏடுகளில் பாதிப் பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன. பழைய தாள் என்பதால் தனி அழகு இருக்கிறது. கப்பலில் போய்த் திரும்பாத எங்கள் உறவினர் ஒருவரைப் பற்றிய நூலுக்கு அவற்றை வெட்டிப் பயன்படுத்தலாமா? கடுக்காய் மையில் எழுதலாம் என்றும் எண்ணம்.
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். எழுதாத பக்கமும் அந்த ஏட்டின் ஒரு பகுதிதான். எந்தத் தேதியோடு கணக்கு நின்றது, அதற்குப் பின் எத்தனை பக்கம் வெறுமையாக விடப்பட்டது என்பதே ஒரு செய்தி. உங்களுக்குப் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவராக முயன்று புத்தகம், இதழ், அழைப்பிதழ், துண்டறிக்கை என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். அவருடைய மறைவுக்குப் பின், 1994இல் சென்னையில் அவர் பெயரில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளமாயிற்று. பரணில் கிடந்தவை என்று யாரோ வெட்டியிருந்தால் அவற்றுள் பல இன்று இல்லை.

ஏட்டின் தாளை எடுக்காமல் ஏட்டின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு எழுத்தைவிட முந்திய இலக்கியம் என்று நான் நினைப்பதுண்டு. மேலே பிள்ளையார் சுழி, தேதி, ஊர், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. கப்பல் ஏறியவரின் பெயரில் ஒரு பற்று எழுதி, தேதியும் துறைமுகமும் குறித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வரவுக்கான கட்டத்தைக் கோடு மட்டும் போட்டுத் திறந்து வையுங்கள். கணக்குப் பார்த்துப் பழகிய குடும்பத்தில் பிறந்த யாருக்கும், நேராகாத அந்தப் பக்கம் உறுத்தாமல் இருக்காது. கூட்டுத் தொகை போடாதீர்கள். ஐந்தொகையில் கொண்டுபோய் முடிக்கவும் முயலாதீர்கள்.

இந்த வகை நூலுக்கு விசிறி மடிப்பு ஒத்துவராது; எதிரெதிர்ப் பக்கங்கள் தேவை என்பதால் இரண்டிரண்டாக மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, முதுகில் மூன்று துளையிட்டுத் தைத்தால் போதும். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே நுழைந்து, மேல்துளை வழி உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழி வெளியேறி, திரும்பவும் நடுத்துளை வழி உள்ளே வந்து, நீளமாக ஓடும் நூலுக்கு இருபுறமும் முனைகளை வைத்து முடியுங்கள். ஆலைத் தாளாக இருந்தால் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எளிதாக வளையும் பக்கம் தெரியும். அந்த வாட்டத்தில்தான் முதுகு அமைய வேண்டும். இல்லையென்றால் ஈரக் காற்றில் தாள் முறுக்கிக்கொள்ளும்.

கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் படப்படக் கறுக்கும். பார்க்க மிக அழகு. ஆனால் அதிலுள்ள இரும்பும் அமிலமும் நாளடைவில் தாளை எழுத்தின் வடிவிலேயே அரித்துவிடும். நீங்கள் அதையே விரும்பினால் தெரிந்தே செய்யுங்கள். நிலைத்திருக்க வேண்டும் என்றால் விளக்குக்கரியைக் கருவேலம் பிசினில் குழைத்த மையே நல்லது.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் பட்டறைகளின் பழைய வழக்கம். அது நஞ்சு, தாளின் இழையையும் கெடுக்கும். அன்றன்றைக்குத் தேவையான அளவு காய்ச்சிக்கொண்டால் துத்தம் தேவைப்படாது.

கேள்வி: நண்பர்களோடு தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை போனபோது ஒரு லிட்டர் கடல்நீர் பிடித்து வந்திருக்கிறேன். தாளை அதில் நனைத்துக் காயவைத்தால் உண்மையான கடலே நூலில் இருக்கும் அல்லவா? இடிபாடுகளின் அருகே கிடந்த பவளக்கல் துண்டுகளையும் அட்டையில் பதிக்க ஆசை.
(ஒரு கல்லூரி மாணவர், கானாடுகாத்தான்)

பதில்: உங்கள் வயதில் நானும் இதைச் செய்தேன். எட்டுத் தாள்களைக் கடல்நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தபோது, ஓரங்களில் உப்பு பூத்து, அலை ஒதுங்கிய மணலைப் போலவே இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் தாள்கள் நசநசத்தன. கார்த்திகையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முதுகில் நான் வைத்திருந்த இரும்புக் கம்பி துருவேறி நான்கு பக்கங்களுக்கு ஊடுருவியிருந்தது. பிரிக்க முயன்றபோது எழுத்திருந்த மேல்தோல் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போயிற்று. நூல் இல்லாமல் போயிற்று, அதில் இருந்த செய்தியும் போயிற்று.

காரணம் எளியது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பே தானாகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மற்ற உப்புகள் அதற்கு முன்பே ஈரத்தை இழுக்கும். உப்பேறிய தாள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மறுபடி நனைந்ததற்கு ஒப்பாகும். கடல்நீர் நூலில் இருக்கத்தான் வேண்டும் என்றால், சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து அரக்கு வைத்து, நூலுக்கான பெட்டியில் தனிக் குழி செய்து, தாளிலிருந்து விலக்கி வையுங்கள்.

பவளக்கல்லை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே இடிந்து நிற்பவை மனிதர்கள் குடியிருந்த வீடுகளும், தொழுத இடங்களும். வேண்டுமானால் மெல்லிய தாளைச் சுவரின் மேல் வைத்துக் கரிக்கட்டியால் மெல்லத் தேய்த்து, கல்லின் மேடுபள்ளத்தை மட்டும் எடுத்து வரலாம். அந்தத் தாளையே உங்கள் நூலின் உட்பக்கமாக வைத்தால், நீங்கள் அங்கே நின்றதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவர் தன் கடைசி நிமிடங்களைச் சொல்வது போலத் தன்கூற்றாக எழுதி அதை நூலாக்கியிருக்கிறேன். படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். உங்கள் கருத்து?
(ஓர் ஆசிரியர், புதுவயல்)

பதில்: கற்பனையான கப்பலில், கற்பனையான மனிதர் என்றால் எழுதுவது உங்கள் உரிமை. உண்மையில் நடந்த விபத்தில், உண்மையில் இறந்த ஒருவரின் வாயில் சொற்களை வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. அந்தக் கடைசி நிமிடங்கள் அவருக்கு மட்டும் உரியவை. அவருடைய மகளோ பேரனோ இன்றும் இருக்கக்கூடும். நீங்கள் எழுதியதை அவர்கள் படித்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பயணச் சீட்டின் விலை, புறப்பட்ட நேரம், அன்றைய காற்று என்று உறுதியாகத் தெரிந்தவற்றை அடுத்தடுத்து வைத்து, தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். வாசகர் அங்கே தாமே நிற்பார்.

கேள்வி: கடலில் போனவரைப் பற்றிய நூலை வீட்டில் வைப்பது ஆகாது என்று என் மாமியார் சொல்கிறார். மறுத்துப் பேச மனமில்லை. செய்யாமல் விடவும் மனமில்லை.
(ஒரு வாசகி, பள்ளத்தூர்)

பதில்: பெரியவர்கள் அப்படிச் சொல்வதில் ஓர் அக்கறை இருக்கிறது, துக்கம் வீட்டை விட்டுப் போக வேண்டுமே என்ற அக்கறை. அவரோடு வாதாடாமல், முன்னோருக்குச் செய்யும் படைப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள். முன்னோரை நினைத்துப் புடவையும் வேட்டியும் வைத்து, விளக்கேற்றி, உணவு படைத்து வணங்குகிறோம். அங்கே ஒரு துணி ஒரு மனிதருக்காக நிற்கிறது. தைத்த தாளும் அப்படி நிற்கலாம்.

கடலில் போனவருக்காகக் காத்திருந்த கதை நமக்குப் புதியதும் அன்று. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தில்தான் மணிமேகலை சொல்லும் ஆதிரையும் வாழ்ந்தாள். அவள் கணவன் சாதுவன் ஏறிய மரக்கலம் காற்றில் சிதைந்தது. தப்பி வந்தவர்கள் அவன் இறந்தான் என்று சொல்ல, அவள் தீயில் இறங்கினாள். தீ அவளைச் சுடவில்லை. அவனோ ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறி, பின்னொரு நாள் வேறொரு வணிகனின் கப்பலில் ஊர் திரும்பினான். சாதுவனைப் போலத் திரும்பாதவர்களும் எத்தனையோ பேர். அவர்களுக்காகக் காத்திருந்தவர்களின் கதையை நீங்கள் எழுதுவதில் அமங்கலம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அட்டைக்கு அந்தக் குடும்பத்து ஆச்சி ஒருவரின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டு கிடைக்குமா என்று உங்கள் மாமியாரிடமே கேளுங்கள். பெட்டகத்தைத் திறந்து தேடும்போது அவரும் நூலில் சேர்ந்துவிடுவார் என்று நம்புகிறேன். துணியின் பின்புறம் முதலில் மெல்லிய தாளை ஒட்டிக் காயவைத்த பிறகே அட்டையில் ஒட்டுங்கள். நேரடியாக ஒட்டினால் பசை நெசவின் வழியே மேலே கசிந்து கறையாகிவிடும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல்லை அட்டையாக வைக்கலாமா?
(ஒரு வாசகர், ஆத்தங்குடி)

பதில்: வேண்டாம். அது சிமென்ட்டும் மணலும் சேர்ந்த கல். அதன் எடை தாங்காமல் முதல் மடிப்பிலேயே தாள் கிழியும். ஆனால் அந்தக் கல்லைச் செய்யும் முறையில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முகம் கண்ணாடியின் மேல் கீழ்நோக்கி இருக்க, வண்ணத்தை ஊற்றி, அதன் மேல் கலவையைப் பரப்பி, கடைசியில் கண்ணாடியை விலக்கிய பிறகுதான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். கண்ணாடித் தகட்டில் மை தடவி, விரலால் கோடிழுத்து, தாளைக் கவிழ்த்து எடுத்தால் ஒரே ஒரு முறை மட்டும் வரும் அச்சு கிடைக்கும். இரண்டாம் முறை அதே படம் வராது. கடலைப் பற்றிய நூலுக்கு அது மிகவும் பொருந்தும்.

கேள்வி: செய்து முடித்த நூல் நம் ஊர் வெயிலுக்கும் பூச்சிக்கும் எத்தனை நாள் தாங்கும்? எப்படிப் பாதுகாப்பது?
(ஒரு வாசகி, கோட்டையூர்)

பதில்: நல்ல பருத்தித் தாளும், அமிலமில்லாத மையும், துத்தம் சேராத பசையும் இருந்தால் நம்மையெல்லாம் தாண்டி இருக்கும். சித்திரை வெயிலில் அட்டை வளையாமலிருக்க, வெளிப்புறம் துணி ஒட்டினால் உட்புறமும் அதற்கு ஈடாகத் தாள் ஒட்டி, இரண்டு நாள் கனத்தின் கீழ் வையுங்கள். மாவுப் பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும் என்பது உண்மைதான். நூலைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, மூடி நன்றாகப் பொருந்தும் பெட்டியில் வைத்து, சுவடிக் கட்டுக்கு வைப்பது போல ஒரு துண்டு வசம்பைத் துணி முடிச்சில் கட்டி மூலையில் போடுங்கள். தாளில் படாமல் இருக்கட்டும். அந்துருண்டை வேண்டாம். சுவரையொட்டிய அலமாரியில் மழைநீர்க் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல பாதுகாப்பு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து விரிப்பதுதான். பூச்சி தீண்டாத ஏடு எதுவென்றால் கை தீண்டிய ஏடு என்று சொல்லத் தோன்றுகிறது. மழை விட்ட பிறகு, மார்கழியின் காய்ந்த காலை ஒன்றில் எடுங்கள். காரைக்குடி வாசகிக்கு நாள் குறிக்க வேண்டிய தேவையே இல்லை. டிசம்பர் 22 மார்கழியில்தான் வருகிறது. நூலை வளவில் விரித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, தொங்கும் இரண்டு நூல் முனைகளும் சிக்கலாகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்தால் போதும்.